எத்தனை கட்டை வெளிச்சம்?

கூடாரத்துக்கு விளக்கு வாங்கப் போகிறவர்கள் இப்போது லூமன் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பேட்டரிக் கட்டை கேட்பார்கள். ‘ரெண்டு கட்டையா, மூணு கட்டையா?’ என்ற ஒரே கேள்வியில் டார்ச் லைட்டின் தகுதியும் அதை வைத்திருப்பவரின் தகுதியும் தெரிந்துவிடும். ஐந்து கட்டை போடுகிற நீளமான டார்ச் ஊரில் ஒருவரிடம்தான் இருந்தது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பார். பனை உச்சிக்கு அடித்துக் காட்டச் சொல்லி நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். அடிப்பார், ஓர் ஆந்தை எழுந்து பறக்கும், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தை வைத்து அவர் வேறெதையும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கட்டை தீரும் சமயத்தில் அதை வெயிலில் காயவைத்து இன்னும் நாலு நாள் ஓட்டுவது மட்டும் அவர் வீட்டிலும் நடந்தது, எங்கள் வீட்டிலும் நடந்தது.

லூமன் என்பது விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியேறுகிற ஒளியின் மொத்தக் கணக்கு. ஒரு மெழுகுவத்தி ஏறக்குறைய 12 லூமன் தரும். அப்படியென்றால், 1000 லூமன் என்று அட்டையில் போட்ட தலைவிளக்கைக் கட்டுகிறவர் எண்பது மெழுகுவத்திகளை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நடக்கிறார். எதிரே வருகிறவனின் கதி என்ன என்று அட்டையில் போட்டிருப்பதில்லை.

மெழுகுவத்திக் கணக்கு என்றதும் பெட்ரோமாக்ஸ் வந்துவிடுகிறது. அதன் வீரமே 500 மெழுகுவத்தி வெளிச்சம் என்பதுதான். பெர்லினில் விளக்குத் தொழிற்சாலை வைத்திருந்த மாக்ஸ் கிரேட்ஸ் 1910 வாக்கில் கொண்டுவந்தது. மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிக்கும் யோசனையிலேயே அவர் மூழ்கிக் கிடந்ததால் நண்பர்கள் ‘பெட்ரோலியம் மாக்ஸ்’ என்று கூப்பிட்டார்களாம். அதுவே விளக்குக்கும் பெயராகிவிட்டது. எங்கள் ஊரில் வாடகை சைக்கிள் கடைதான் பெட்ரோமாக்ஸுக்கும் கடை. கோயில் நோம்பி, கூத்து, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் போகும். ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றினால் ஏறக்குறைய எட்டு மணி நேரம் நிற்கும். கூத்து விடியும்வரை நடந்தால் நடுவில் ஒருமுறை இறக்கி எண்ணெய் ஊற்ற வேண்டும். அப்போது அர்ச்சுனனும் சேர்ந்து காத்திருப்பார்.

பெட்ரோமாக்ஸைப் பற்றவைப்பதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். மேண்டிலைக் கட்டி, கீழே உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, குழாய் சூடேறும்வரை பொறுத்து, பம்ப் அடிக்க வேண்டும். குழாய் சூடேறாமல் அவசரப்பட்டால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் அப்படியே பீய்ச்சி, விளக்கு முழுக்கத் தீப்பிடித்து எரியும். சூடு சரியாக இருந்தால் ‘உஸ்’ என்ற சத்தத்தோடு மேண்டில் வெளுத்து நிமிரும். 1984இல் ‘வைதேகி காத்திருந்தாள்’ வந்தபிறகு இந்தச் சடங்கின் மரியாதை போய்விட்டது. கவுண்டமணியும் செந்திலும் ஒரு மேண்டிலை வைத்து அடித்த கூத்துக்கு அப்புறம், கடைக்காரர் மேண்டிலைக் கட்டும்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது ஒருவன் சிரித்துவிடுவான்.

ஊர்வலத்தில் இந்த விளக்கைத் தலையில் சுமப்பார்கள். சும்மாடு வைத்து, அதன்மேல் விளக்கு. மாப்பிள்ளையின் தங்கப் பொத்தான்வரை தெரியும். சுமக்கிறவரின் முகம் தெரியாது. எண்ணெய்த் தொட்டியின் நிழல் நேராக அவர்மேல்தான் விழும். தெரு முழுக்க வெளிச்சம் கொடுத்துவிட்டு, தான் கால் வைக்கும் இடத்தைத் தடவித் தடவி நடந்தவர்கள் அவர்கள். விளக்கை எங்கே வைப்பது என்பது அதன் பலத்தைவிடப் பெரிய கேள்வி என்று எனக்குப் பின்னால் புரிந்ததெல்லாம் அவர்களுடைய கால்களில் அப்போதே இருந்திருக்கிறது.

மேண்டிலுக்கு ஒரு கதை உண்டு. அது சுற்றிக்கொண்டு நம்மிடமே வருகிறது. வெறும் நெருப்பு அவ்வளவு வெளிச்சம் தராது. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக், சில உலோக உப்புகளில் ஊறவைத்த நூல்வலையை நெருப்பில் காட்டினால் நூல் எரிந்துபோய், சாம்பல்கூடு மட்டும் நின்று ஒளிரும் என்று கண்டு 1885இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அந்த ஒளி பச்சையடித்தது. பல கலவைகளைப் பார்த்து 1891இல் ஒன்றில் வந்து நின்றார்: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு செரியம் ஆக்சைடு. அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் மேண்டில் மங்கல்; கூடிப்போனாலும் மங்கல்.

தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். ஐரோப்பா அதற்குப் பெரும்பாலும் பிரேசிலை நம்பியிருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைச் சோதித்தார். மோனசைட். மணல் வந்த வழியைத் தேடிப் போனால் மணவாளக்குறிச்சி. அப்போது திருவிதாங்கூரில் இருந்த ஊர், 1956க்குப் பிறகு நம் கன்னியாகுமரி மாவட்டம். வந்தவர் அங்கேயே மணலைப் பிரிக்கும் ஆலையும் வைத்துவிட்டார். முதல் உலகப் போர் வந்ததும் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து அடைத்தார்கள், ஆலை கைமாறியது. அந்த ஊரில் மணல் ஆலை இன்றும் இருக்கிறது. நாகர்கோவில் போகும்போதெல்லாம் கடற்கரையில் கருமணலைக் கையில் அள்ளிப் பார்ப்பேன். ஐரோப்பியத் தெருக்களின் இரவு வெளிச்சத்துக்கு இந்தக் கரையிலிருந்தும் ஒரு பங்கு போயிருக்கிறது. கரையில் கயிறு திரித்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

மணலை விட்டு மலைக்கு வருகிறேன். கோவைக்காரர்களுக்கு இரவுநடை என்றால் வெள்ளியங்கிரி. பிப்ரவரியில் வழி திறந்து மே மாதம்வரை ஏறலாம். பூண்டியில் மூங்கில் தடி வாங்கி, பகல் வெயிலுக்குப் பயந்து இரவில் ஏறத் தொடங்கினால், ஏழாவது மலையில் விடியும். சித்திரா பௌர்ணமிக்குக் கூட்டம் அலைமோதும். நான் முதன்முதலில் ஏறியபோது பாதிப்பேரிடம் விளக்கே இல்லை. டார்ச் வைத்திருக்கும் ஒருவருக்குப் பின்னால் பத்துப் பேர், அவர்கள் அவருக்கு உறவுமில்லை, அறிமுகமுமில்லை. படி வரும் இடத்தில் அவர் நின்று, திரும்பி, கீழே அடித்துக் காட்டுவார். ‘பாத்து வாங்க சாமி’ என்பார். கைதட்டிச் சுனையில் தண்ணீர் குடித்து எழும்போது அந்தக் கூட்டம் கலைந்து வேறொரு டார்ச்சுக்குப் பின்னால் சேர்ந்திருக்கும்.

இப்போது ஆளுக்கொரு தலைவிளக்கு. கை இரண்டும் தடிக்கு மிஞ்சுவது பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் தலைவிளக்கு கட்டியவர் எவரைப் பார்த்துப் பேசினாலும் அவருடைய கண்ணைக் குருடாக்கிவிட்டுத்தான் பேசுகிறார். ‘இன்னும் எவ்வளவு தூரமுங்க?’ என்று ஒருவர் கேட்பார். பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் நமக்குக் கண் போய்விடும். மேலே போகப்போக இன்னொரு தொல்லை. ஆறாவது மலையில், ஆண்டி சுனைப் பக்கம் மேகம் இறங்கிவிட்டால், நெற்றியிலிருந்து போகிற ஒளி பனித்துளிகளில் பட்டு நேரே நம் கண்ணுக்கே திரும்பும். விளக்கை ஏற்ற ஏற்ற முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். அப்படி ஒருமுறை திணறி நின்றபோது, கூட வந்த பெரியவர் தன் தலைவிளக்கைக் கழற்றி, வாரை உள்ளங்கையில் சுற்றி, முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சாதாரணமாக நடந்து போனார். எனக்கு அப்புச்சி நடப்பது தெரிந்தது.

அம்மாவைப் பெற்ற அப்புச்சி அரிக்கேனை ஒருநாளும் உயர்த்திப் பிடித்ததில்லை. பம்புசெட்டுக்கு மும்முனை கரண்ட் எப்போதும் ராத்திரியில்தான் வரும். ஒரு மணிக்கோ ரெண்டு மணிக்கோ எழுந்து, ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் அரிக்கேன், வரப்பில் முன்னால் அவர், பின்னால் நான். விளக்கு அவர் கெண்டைக்கால் உயரத்தில் ஆடிக்கொண்டே போகும். நான் வாங்கினால் ஆசையில் முகத்துக்கு நேரே தூக்குவேன். ‘கீள புடி கண்ணு. நீயி மூஞ்சியிலயா நடக்கற?’ என்பார்.

பாம்புக்குப் பயந்து சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் உண்மைதான், ஆனால் அது பாதி. கண் இருக்கும் இடத்திலிருந்தே ஒளி புறப்பட்டால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், நமக்குத் தெரியாது. நிழல் தெரியாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. பாதை வெளுத்த துணியை விரித்ததுபோலத் தட்டையாகிவிடும். ஒளி தாழ்வாகப் பக்கத்திலிருந்து வந்தால் கூழாங்கல்கூட நீளமாக நிழல் விட்டுத் தன் உயரத்தைச் சொல்லும். இரவில் ஓடிப் பழகுகிறவர்களில் சிலர் விளக்கை இடுப்பில் கட்டிக்கொள்வதும் இதற்காகத்தான். அரிக்கேனின் வெளிச்சம் சில மெழுகுவத்திகளுக்கு மேல் தேறாது. அந்தக் கொஞ்சத்தை அவர் வேண்டிய இடத்தில் வைத்திருந்தார்.

சாயங்காலம் அந்தச் சிம்னியைத் துடைப்பது என் வேலை. சின்னக் கைதான் உள்ளே போகும் என்பதால் பிள்ளைகளிடம் வந்த வேலை. பழைய வேட்டித் துணியில் அடுப்புச் சாம்பல் தொட்டுத் துடைக்க வேண்டும். திரியின் ஓரத்தை அப்புச்சியே கத்தரிப்பார். கோணலாக வெட்டினால் ஒரு பக்கம் புகை ஏறும். இரண்டு பக்கமும் குழாய் எதற்கு, பிடிக்கவா என்று கேட்டிருக்கிறேன். ‘காத்துக் குடிக்கறதுக்கு’ என்றார். சரியான பதில். 1860களின் கடைசியிலும் 1870களிலும் அமெரிக்காவில் ஜான் இர்வின் என்பவர் கண்டுபிடித்து, நியூயார்க்கின் டீட்ஸ் நிறுவனம் உலகமெல்லாம் பரப்பிய அமைப்பு அது. எரிந்த சூடு மேலே போகும்போது, அந்தக் குழாய்கள் வழியாகக் காற்று இறங்கித் திரிக்கு வரும். முதலில் வந்த வகையில் சூடான புகைக்காற்றும் கலந்து இறங்கியது. பின்னால் வந்ததில் வெளியிலிருந்து புதுக்காற்று மட்டும், அதனால் வெளிச்சம் கூடுதல். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் திரிக்குப் போகிற காற்று சீராகவே போகும். வரப்பில் ஆடி மாதக் காற்றில் அது அணையாமல் இருந்ததன் சூட்சுமம் இவ்வளவுதான். ஜெர்மனியில் ‘ஃபயர்ஹாண்ட்’ என்ற பெயரில் இந்த விளக்கு இன்னமும் வருகிறது. ஒருமுறை நிரப்பினால் இருபது மணி நேரம் எரியும். நம் ஊரில் ரேஷன் மண்ணெண்ணெய் குறைந்ததும் அரிக்கேன் பரணுக்குப் போய்விட்டது.

பரணிலிருந்து இறக்கி முகாமுக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள் உண்டு. வீட்டு முற்றத்துக்கு, தோட்டத்துக் களத்துக்கு, கடற்கரைக்குச் சரி. காட்டுக்குள் வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறிகள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. கோடையில் காய்ந்த போதைப்புல் சரிவைக் கண்ணால் பார்த்தவர் யாரும் அங்கே ஒரு தீக்குச்சியைக்கூட உரச மாட்டார். கூடாரத்துக்குள்ளும் எரியும் விளக்கு கூடாது. நைலான் உருகிப் பிடிப்பது கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து. மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை; தூக்கத்திலேயே வேலையை முடித்துவிடும்.

ஆக, எல்இடிதான். அதைப் பற்றிப் படிக்கப் போய் மறுபடியும் மணவாளக்குறிச்சி மணலில் கால் புதைந்தது. 1993இல் ஜப்பானில் ஷுஜி நகாமுரா பிரகாசமான நீல எல்இடியைச் செய்துகாட்டினார். அதற்காக அவருக்கும், அதற்கு வழி போட்ட இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ இருவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளை எல்இடி என்று நாம் வாங்குவது பெரும்பாலும் அந்த நீலம்தான். அதன்மேல் ஒரு மஞ்சள் பூச்சு. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகிறது. அந்த மஞ்சளைக் கொடுப்பது, பூச்சில் துளியளவு சேர்த்த செரியம். நூறு ஆண்டுக்கு முன் மேண்டிலில் ஒரு பங்காக இருந்த அதே செரியம். மோனசைட் மணலில் தோரியத்தைவிட இதுதான் கூடுதல். மேண்டிலுக்குத் தோரியத்தை எடுத்தபின் மிஞ்சியதை வைத்து வெல்ஸ்பாக்கே 1903இல் சிகரெட் லைட்டரின் பொறிக்கல்லையும் செய்துவிட்டார். பெட்ரோமாக்ஸ், லைட்டர், தலைவிளக்கு மூன்றிலும் ஒரே மணலின் உறவு இருக்கிறது.

பூச்சின் அளவைப் பொறுத்து வெள்ளை மாறும். அட்டையில் 6500 கெல்வின் என்றிருந்தால் நீலமடிக்கும் வெள்ளை. 2700 என்றால் அரிக்கேன் பக்கத்து மஞ்சள். முகாமுக்கு மஞ்சள்தான். அழகுக்காகச் சொல்லவில்லை. நீலம் கூடினால் பூச்சியும் கூடும். முதல் மழைக்கு ஈசல் கிளம்பும்போது விளக்கடியில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துப் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மீதி விளங்கும்: கூசும் வெள்ளை விளக்கைச் சோற்றுக்குத் தள்ளி வை, மங்கல் மஞ்சளைச் சோற்றுக்குப் பக்கத்தில் வை. ஈசல் தூரத்து விளக்குக்குப் போகட்டும்.

சிவப்பு விளக்கு எதற்கு என்பதை ஜவ்வாது மலையில் தெரிந்துகொண்டேன். காவலூரில் 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. வைணு பாப்பு ஆய்வகம். அவ்வளவு பெரிய கண்ணாடியை அங்கே வைத்ததே அந்த மலையின் இருட்டுக்காகத்தான். அதே மலையில் ஒரு நண்பரின் தோட்டத்தில் தங்கியிருந்தோம். இருட்டில் பார்க்க உதவும் நிறமி கண்ணில் முழுதாகச் சேர இருபது முப்பது நிமிடம் ஆகும்; ஒரு வெள்ளை ஒளி பட்டால் சில நொடியில் அத்தனையும் போய்விடும். சிவப்பு அந்த நிறமியை அவ்வளவாகத் தொடுவதில்லை. அன்றிரவு எல்லோரும் சிவப்பிலேயே சமைத்தோம். குழம்பில் மிளகாய்த்தூள் எவ்வளவு விழுந்தது என்று மட்டும் சிவப்பில் தெரியாது. வானத்துக்குக் கொடுத்த விலை என்று மறுநாள்வரை தண்ணீர் குடித்தோம்.

மனிதர்களுக்கு மட்டுமல்ல இந்தத் தொல்லை. 2022இல் ஆனைமலை புலிகள் காப்பகத்தின் உலாந்திச் சரகத்தில் கோடிக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைவதைப் பதிவு செய்தார்கள். அது அவற்றின் பேச்சு. இணையைக் கூப்பிடும் பேச்சு. நடுவில் நாம் ஒரு விளக்கை அடித்தால் அந்தப் பேச்சு அறுந்துபோகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ‘40 மணி நேரம் எரியும்’ என்று போட்டிருந்தால், முதலில் இருந்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரைதான் அந்தக் கணக்கு. நாற்பது மணி நேரமும் முழு வெளிச்சம் என்று நம்ப வேண்டாம். ‘200 மீட்டர் பாயும்’ என்றால், அந்தத் தூரத்தில் ஏறக்குறைய பௌர்ணமி நிலா அளவு ஒளி விழும் என்று பொருள். சித்திரா பௌர்ணமிக்கு ஏறுகிறவர் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மற்றபடி, மழை தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் மலையில் பேட்டரி சீக்கிரம் சோரும். ராத்திரி அதைக் கம்பளிக்குள் உங்களோடு படுக்கவையுங்கள். தனி லாந்தர் இல்லையா? தலைவிளக்கை உள்பக்கம் பார்க்க ஒரு வெள்ளைத் தண்ணீர் கேனில் கட்டுங்கள். குடத்திலிட்ட விளக்கைக் குறைவாகப் பேசியவர்கள் கூடாரத்தில் படுத்ததில்லை.

ஆனால் நான் முதலில் தேடுவது அட்டையின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருக்கும் எண்ணை. உச்ச லூமனை முன்னால் பெரிதாகப் போடுவார்கள். அடிமட்ட லூமன் பின்னால் ஒளிந்திருக்கும். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பாமல் செருப்பைத் தேட, நாலு வரி படிக்க, ஐந்து லூமன் தாராளம். அதற்குக் கீழே இறங்கத் தெரியாத விளக்கு எவ்வளவு உயர ஏறினாலும் எனக்கு ஆகாது.

போன வருடம் கோத்தகிரிப் பக்கம் ஒரு கூடார விடுதிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். கூடார வாசலுக்கு ஓர் அரிக்கேன் தொங்கியது. உள்ளே திரிக்குப் பதில் எல்இடி. நடுவில் கம்பத்தில் ஒரு ஃப்ளட் லைட், ராத்திரி முழுக்க. அணைக்க முடியுமா என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். ‘அணைச்சா எல்லாரும் பயந்துக்குவாங்க சார், என்னையத்தான் கேப்பாங்க’ என்றார். பேச்சு வளர்ந்தது. அவரும் எங்கள் ஊர்ப்பக்கம்தான், ராத்திரித் தண்ணி கட்டியவர்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போய்ச் சுவிட்சை அணைத்தார்.

இருட்டியதும் ஒவ்வொரு கூடாரமாக ஜிப் திறக்கிற சத்தம். ஆட்கள் வெளியே வந்தார்கள். குழந்தைகள் மேலே கை காட்டத் தொடங்கினார்கள். யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். ஒருவர் மட்டும் கைபேசி விளக்கை எங்கள்மேல் அடித்து, ‘கரண்ட் எப்பங்க வரும்?’ என்று கேட்டார்.

‘ட்ரான்ஸ்ஃபார்மர் போயிருச்சுங்க’ என்றார் வாட்ச்மேன். ‘விடிஞ்சுதான் வருமுங்க.’